10060 என்று நிற்கும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்: எந்த வாசலில் தடை?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் ஆபீஸ். ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரில், மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸில் இருக்கின்றன. ஆபீஸில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து பில் போடும் புரோகிராமும், டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் ஒர்க்பெஞ்ச் புரோகிராமும் நேராக அந்தச் சர்வரோடு பேசிக்கொண்டிருந்தன. போன வாரம் மழையில் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் எல்லாவற்றையும் ஆன் செய்ததிலிருந்து, சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று சொல்லி 10060 என்ற எண்ணோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. அதே சர்வரில் இருக்கும் உங்கள் வெப்சைட் மட்டும் எப்போதும்போலத் திறக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தீர்கள், அதிலும் 10060. ஒர்க்பெஞ்சை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டீர்கள். ஹோஸ்டிங் பேனலின் கன்சோல் வழியாக உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றினீர்கள். விண்டோஸ் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டீர்கள். எந்த டிசைன் கல் எந்தத் தேதியில் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது என்பதைக்கூட இப்போது நோட்டில் எழுதிவைக்கிறீர்கள், ஆச்சி தினமும் கேட்கிறார்கள்.

முதல் வேலையாக விண்டோஸ் ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். வெளியே போகும் தொடர்புகளை அது சாதாரணமாகத் தடுப்பதில்லை. உள்ளே வருவதைத்தான் தடுக்கும். அதை அணைத்ததால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆபத்து மட்டும் கூடியிருக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்து எனக்குத் தோன்றுவது இது. கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனது, உங்கள் ஆபீஸின் ஐபி முகவரி மாறிவிட்டது. சர்வரை அமைத்துக் கொடுத்தவர் மைஎஸ்கியூஎல்லின் வாசலான 3306 போர்ட்டைப் பழைய முகவரிக்கு மட்டும் திறந்து வைத்திருப்பார், அது நல்ல பழக்கம்தான். புது முகவரியிலிருந்து போய்த் தட்டினால் சர்வர் பக்கத்திலிருந்து சத்தமே வராது. ஹாட்ஸ்பாட்டின் முகவரியும் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அங்கேயும் அதே கதி. வெப்சைட்டின் 443 போர்ட் ஊருக்கெல்லாம் திறந்திருப்பதால் அது மட்டும் திறக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லையே, அப்படியானால் சர்வர்தான் கெட்டுவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டிய இடம்தான் உங்களை ஒரு வாரம் அலையவிட்டிருக்கிறது.

ஆனால் இது என் யூகம். யூகத்தை வைத்துக்கொண்டு சர்வரில் கை வைக்கக்கூடாது. எப்படி உறுதி செய்வது என்று சொல்கிறேன். இதே பிரச்சினை வேறு எண்ணோடு வருகிறவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாக வாசல் இருக்கும், தெருவில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வாசல் தாண்டிப் போவதுதான். பெயர் முகவரியாக மாற வேண்டும், முகவரிக்கு வழி இருக்க வேண்டும், போர்ட் திறந்திருக்க வேண்டும், அங்கே மைஎஸ்கியூஎல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், இந்த இடத்திலிருந்து வரும் ஆளை அது ஏற்க வேண்டும், கடைசியில் பாஸ்வேர்ட் சரியாக இருக்க வேண்டும். தெருவில் நிற்கும்போதே அடுப்படிக் கதவைப் பழுது பார்த்து என்ன பயன்? பாஸ்வேர்டை மாற்றினீர்களே, அதுதான் அது. 10060 வருகிறது என்றால் பாஸ்வேர்ட் கேட்கிற இடம் வரை நீங்கள் போகவே இல்லை.

அதனால் பிழைச் செய்தியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள். போனில் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் 'எரர் வருது அண்ணே' என்று சொல்வார்களே தவிர எண்ணைச் சொல்ல மாட்டார்கள். அந்த எண்ணில்தான் பாதி விடை இருக்கிறது.

11001 என்றால் சர்வரின் பெயரே முகவரியாக மாறவில்லை. மைஎஸ்கியூஎல் இதையே 2005 என்ற எண்ணோடு, தெரியாத ஹோஸ்ட் என்று சொல்லும். எழுத்துப் பிழை, முன்னே பின்னே ஒட்டிக்கொண்ட ஸ்பேஸ், காலாவதியான டொமைன், இவற்றில் ஒன்றாக இருக்கும். பெயருக்குப் பதில் நேராக ஐபி எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

10061 என்றால் மறுப்பு. உங்கள் தட்டல் சர்வர் வரை போய்ச் சேர்ந்தது, 'இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை' என்று அங்கிருந்து உடனே பதில் வந்தது. பட்டென்று ஒரு நொடியில் பிழை வருவதே இதற்கு அடையாளம். மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது ஓடுகிறது ஆனால் 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் நிறுவினால் இயல்பாகவே அப்படித்தான் அமைந்திருக்கும், பைண்ட் அட்ரஸ் என்ற ஒரு வரி அதைத் தீர்மானிக்கிறது. சில ஃபயர்வால்கள் தடுப்பதையே இப்படி மறுப்பாகச் சொல்வதும் உண்டு.

10060 என்றால் மௌனம். தட்டினோம், காத்திருந்தோம், ஆம் என்றும் வரவில்லை இல்லை என்றும் வரவில்லை, பொறுமை தீர்ந்து கம்ப்யூட்டர் விட்டுவிட்டது. பிழை வருவதற்குள் திரை இருபது வினாடி, சில சமயம் ஒரு நிமிடம் உறைந்து நிற்கும். பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் உங்கள் பாக்கெட்டை, அதாவது நீங்கள் அனுப்பிய தகவல் துண்டை, சத்தமில்லாமல் கீழே போடுகிறது. இல்லையென்றால் முகவரியே தவறு, அல்லது அந்தச் சர்வர் உண்மையிலேயே அணைந்துகிடக்கிறது. உங்கள் வெப்சைட் திறப்பதால் கடைசிக் காரணம் இல்லை.

மறுப்பும் மௌனமும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக இந்த வேலை செய்கிறேன், இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது. பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையைச் சர்வரின் பெயரோடும் போர்ட் எண்ணோடும் கொடுங்கள். முதலில் 443, அப்புறம் 3306, அப்புறம் 22. ஒவ்வொன்றுக்கும் கடைசி வரியில் டிசிபி டெஸ்ட் வெற்றியா இல்லையா என்று ட்ரூ, ஃபால்ஸ் என ஒரு வார்த்தை வரும். என் யூகம் சரியென்றால் 443 ட்ரூ, 3306 ஃபால்ஸ் என்று வரும். 22-க்கு என்ன வருகிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் போட்டுப் பார்த்துவிட்டு, பதில் வரவில்லை, சர்வர் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல சர்வர்களில் பிங்குக்குப் பதில் தராதபடி அமைத்திருப்பார்கள். பிங் வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது உங்கள் முகவரி. என் ஐபி என்ன என்று தேடினால் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில சமயம் புள்ளிகளுக்குப் பதிலாக முக்காற்புள்ளியும் எழுத்துகளும் கலந்த நீளமான முகவரி ஒன்று வரும், அது ஐபிவி6. உங்களுக்கு வேண்டியது நான்கு எண்கள் கொண்ட ஐபிவி4. அப்புறம் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், வேன் (WAN), அதாவது வெளிப் பக்க முகவரி என்று அது எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று தனி முகவரி இருக்கிறது, ரீஸ்டார்ட் ஆனால் மாறும், அவ்வளவுதான். ரூட்டர் காட்டுவது 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்ணாக இருந்தால் கதை வேறு. இணையம் தரும் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த எண் வரிசையை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது, இப்போது நிறைய வீட்டு இணைப்புகளும் கடை இணைப்புகளும் இப்படித்தான் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டில் 'என் முகவரியை மட்டும் அனுமதி' என்று சர்வரில் எழுதினால், அதே முகவரிக்குப் பின்னால் இருக்கும் முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்து அனுமதிக்கிறீர்கள். வெளி முகவரி எப்போது மாறும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

இனி சர்வர் பக்கம். கன்சோல் வழியாகப் பாஸ்வேர்ட் மாற்றியதாகச் சொன்னீர்களே, அந்தக் கன்சோல் கையில் இருக்கும்வரை பயமில்லை. ஃபயர்வால் எப்படிப் போட்டாலும் அது திறக்கும். உள்ளே போய் சர்வரின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவின் ஸ்டேட்டஸ் பாருங்கள். 3306-க்கு எதிரே ஒரு முகவரி இருந்து, அது இப்போது நீங்கள் குறித்த முகவரி இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஹோஸ்டிங் பேனலில் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வருக்குள் ஒன்று, சர்வருக்கு வெளியே பேனலில் ஒன்று என இரண்டு இருப்பது சகஜம். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்து மணிக்கணக்கில் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டில் எது தடுக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சர்வரில் டிசிபிடம்ப் என்ற கருவியை 3306 போர்ட்டுக்கு மட்டும் ஓடவிட்டு, கன்சோல் திரையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆளை ஒர்க்பெஞ்சில் கனெக்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். திரையில் உங்கள் முகவரியோடு ஒரு வரி வருகிறது, ஒரு இடைவெளி விட்டு அதே வரி மறுபடி, இன்னும் நீண்ட இடைவெளி விட்டு மறுபடி, ஆனால் சர்வரிலிருந்து திரும்பிப் போகும் வரி ஒன்றுகூட இல்லை என்றால், தட்டல் சர்வர் வரை வந்துவிட்டது, சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால்தான் விழுங்குகிறது. டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது உள் ஃபயர்வாலுக்கு முன்னால். பட்டனை அமுக்கியும் ஒரு வரிகூட வரவில்லை என்றால் தடை சர்வருக்கு வெளியே, பேனலிலோ உங்கள் இணைய நிறுவனத்திடமோ இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பேசினால் ஹோஸ்டிங் நிறுவனமும் உங்களைச் சுற்றலில் விடாது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது? இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே வழியைச் சொல்வார்கள். பைண்ட் அட்ரஸை 0.0.0.0 ஆக்கு, யூசருக்கு ஹோஸ்ட் என்ற இடத்தில் சதவீதக் குறி போடு, ஃபயர்வாலில் 3306-ஐ எல்லாருக்கும் திற. செய்தால் அடுத்த நொடி வேலை செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு, தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டமாக இருக்கிறது என்று 'ஒரே நாள்தானே' என இப்படித் திறந்தவன் நான். பாஸ்வேர்ட் கடை பெயரும் 123-ம். மூடச் சொல்லி யாரும் நினைவூட்டவில்லை, நானும் மறந்துவிட்டேன். நான்காம் நாள் காலையில் பில் புரோகிராம் திறக்கவில்லை. ஒர்க்பெஞ்சில் போய்ப் பார்த்தால் டேபிள்கள் எல்லாம் போய், புதிதாக ஒரே ஒரு டேபிள். அதைத் திறந்தால் ஒரே வரி: உங்கள் டேட்டா எங்களிடம் இருக்கிறது, பிட்காயின் அனுப்பினால் தருகிறோம். பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, பல சமயம் அவர்கள் நகல்கூட எடுக்காமல் அழித்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் பதினோரு நாள் பழைய பேக்கப் இருந்தது. மீதியை பில் புத்தகத்தின் கார்பன் காப்பியைப் பார்த்து, கடை மூடிய பிறகு ராத்திரியில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளும் நானும் டைப் அடித்தோம். கார்பன் மங்கிய பக்கங்களில் எண் 3-ஆ 8-ஆ என்று அந்தக் கடை அண்ணன் டார்ச் லைட் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் இரவும் பகலும் சல்லடை போடும் நிரல்கள் இருக்கின்றன. சின்ன ஊர், சின்னக் கடை என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

உங்களுக்குச் சரியான வழி எஸ்எஸ்எச் டனல். எஸ்எஸ்எச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. 3306-ஐ வெளியே யாருக்கும் திறக்க வேண்டாம், பைண்ட் அட்ரஸும் 127.0.0.1 ஆகவே இருக்கட்டும். 22-ஆம் போர்ட் வழியாக எஸ்எஸ்எச் மூலம் சர்வருக்குள் போய், அங்கிருந்து உள்ளே இருக்கும் மைஎஸ்கியூஎல்லைத் தொடுவது. ஆபீஸ் முகவரி மாறினாலும் இதற்குக் கவலையில்லை, உங்களை அடையாளம் காட்டுவது முகவரி இல்லை, சாவி. முன்னே 22-க்கு வந்த விடையை எழுதிவைக்கச் சொன்னது இதற்குத்தான். அது ஃபால்ஸ் என்றால் கன்சோலில் போய் 22-ஐத் திறந்துவிடுங்கள். திறப்பதற்கு முன் பாஸ்வேர்ட் மூலம் எஸ்எஸ்எச் நுழைவதை அணைத்து, சாவிக் கோப்பு இருந்தால்தான் உள்ளே என்று ஆக்கிவிடுங்கள். டேட்டாபேஸுக்கென்று சர்வரில் தனி யூசர் ஒன்று உருவாக்குங்கள், ரூட்டைக் கொடுக்காதீர்கள்.

ஒர்க்பெஞ்சில் இதற்குத் தனி வசதியே இருக்கிறது. கனெக்‌ஷன் மெத்தட் என்ற இடத்தில் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி ஓவர் எஸ்எஸ்எச் என்று தேர்ந்தெடுங்கள். மேல் பாதியில் சர்வரின் பெயர், எஸ்எஸ்எச் யூசர், சாவிக் கோப்பு. கீழ்ப் பாதியில் மைஎஸ்கியூஎல் ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 3306. கீழ்ப் பாதியிலும் சர்வரின் வெளிப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. அந்த 127.0.0.1 சர்வரின் கண்ணிலிருந்து பார்க்கும் முகவரி, உங்கள் கம்ப்யூட்டர் இல்லை. சாவி ஓபன்எஸ்எஸ்எச் வடிவத்தில் இருக்க வேண்டும். புட்டி உருவாக்கும் சாவிக் கோப்பை ஒர்க்பெஞ்ச் ஏற்காது, ஹெய்டிஎஸ்கியூஎல் ஏற்கும்.

பில் புரோகிராமுக்கு அப்படி வசதி இருக்காது. அதற்கு விண்டோஸிலேயே டனல் போட்டுவிடலாம். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எஸ்எச் கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். உள்ளூர் போர்ட் 3307-ஐ சர்வரின் 127.0.0.1, 3306-க்கு இணைக்கும்படி ஒரு கட்டளையை எழுதி, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிடுங்கள். பில் புரோகிராமின் அமைப்பில் சர்வர் 127.0.0.1, போர்ட் 3307. உங்கள் கம்ப்யூட்டரிலேயே பழைய மைஎஸ்கியூஎல் ஏதாவது 3306-இல் ஓடிக்கொண்டிருந்தால் மோதக்கூடாது என்றுதான் 3307. சர்வர் அலைவ் இன்டர்வல் என்ற அமைப்பை 60 என்று சேர்த்துவிடுங்கள், யாரும் பில் போடாத நேரத்திலும் டனல் அறுந்துபோகாது.

டனல் போட்டதும் 10060 போய் 1045 வரலாம். பதற வேண்டாம், நீங்கள் கடைசி வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது பெயர் மட்டும் இல்லை, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். பழைய ஆபீஸ் முகவரியோடு உருவாக்கிய பில்லிங் யூசரும், லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் பில்லிங் யூசரும் அதற்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். டனல் வழியாக வந்தால் சர்வருக்குள்ளிருந்தே வருவதுபோல மைஎஸ்கியூஎல்லுக்குத் தெரியும். ஆகவே லோக்கல்ஹோஸ்ட் என்ற ஹோஸ்டோடு அதே யூசரை உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஐபி எண்ணைப் பெயராக மாற்றிப் பார்க்கும் நேம் ரிசால்வ் வேண்டாம் என்று சர்வரில் அமைத்திருந்தால் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் 1045 செய்தியையே படியுங்கள். சர்வர் உங்களை எந்தப் பெயரில், எந்த ஹோஸ்டிலிருந்து வருவதாகப் பார்க்கிறது என்று மேற்கோள் குறிக்குள் அதிலேயே இருக்கும். யூசிங் பாஸ்வேர்ட் நோ என்று முடிந்தால், பாஸ்வேர்ட் தவறு என்று இல்லை, பாஸ்வேர்ட் போகவே இல்லை என்று பொருள்.

வேறு எண்கள் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. 1130 என்றால் நீங்கள் வரும் இடத்துக்கு எந்த யூசரும் பதிவாகவில்லை, பெயரைக் கேட்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டது. 1129 என்றால் அரைகுறைத் தொடர்புகள் அதிகமாகி உங்கள் முகவரியையே சர்வர் தடுத்துவைத்திருக்கிறது, இயல்பு வரம்பு 100. ஹோஸ்ட் பட்டியலை ஃப்ளஷ் செய்தால் விடும், ஆனால் ஏன் அரைகுறையாக அறுந்தது என்று பார்க்காவிட்டால் மறுபடி வரும். 1040 என்றால் கூட்டம் நிரம்பிவிட்டது, இயல்பாக 151 தொடர்புகள்தான் உள்ளே இருக்கலாம். எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால், எந்தப் புரோகிராம் தொடர்பைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது என்று பாருங்கள். 2059 வந்தால் உங்கள் கிளையன்ட், அதாவது சர்வரோடு இணைக்கும் புரோகிராமும் அதன் டிரைவரும், பழசு. 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாஸ்வேர்ட் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. யூசரைப் பழைய முறைக்கு மாற்றச் சொல்வார்கள், அந்தப் பழைய முறையை 9.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள், அதனால் டிரைவரைப் புதுப்பிப்பதுதான் நிற்கும். தொடர்பை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் சம்பந்தமாகப் பிழை வந்தால், 8.0.28 பதிப்பிலிருந்து டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய விண்டோஸ், பழைய டிரைவர் பக்கம் பாருங்கள்.

இனி, கனெக்‌ஷன் கிடைத்த பிறகு வரும் தொல்லைகள். இவை 10060-ஐவிடக் கஷ்டமானவை, ஏனென்றால் டெஸ்ட் கனெக்‌ஷன் பட்டன் வெற்றி என்று சொல்லிவிடும்.

புதுவயலில் ஓர் அரிசி மில்லில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கனெக்ட் ஆகிறது. டேபிள் பட்டியல் வருகிறது. பத்து வரி கேட்டால் வருகிறது. ஆயிரம் வரி கேட்டால் அப்படியே உறைந்து நின்று, அரை நிமிடம் கழித்து 2013, தொடர்பு அறுந்தது. அதே கேள்வியைச் சர்வரின் கன்சோலில் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் விடை. சின்னப் பதில் வருகிறது, பெரிய பதில் வரவில்லை என்பதைக் கவனிக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது. அங்கே இணைப்பு பிபிபிஓஇ வகை, அதில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 இல்லை, 1492. சர்வர் 1500 பைட்டில் பாக்கெட் அனுப்பும். நடுவில் இருக்கும் ரூட்டர் 'இது பெரிது, சின்னதாக்கு' என்று சர்வருக்கு ஐசிஎம்பி என்ற அறிவிப்புச் செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் சர்வரில் யாரோ தடுத்துவைத்திருந்தார்கள். செய்தி போய்ச் சேரவில்லை, சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது.

இதைச் சோதிப்பது எளிது. பிங் பதில் தரும் ஏதாவது ஒரு பொது முகவரிக்கு, துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு, 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்ந்தால் 1500. போகவில்லை, 1464 மட்டும் போகிறது என்றால் உங்கள் வழி 1492-தான். சர்வரில் ஐசிஎம்பி தடையை நீக்குவதுதான் சரியான தீர்வு. அதற்கு உரிமை இல்லையென்றால் ரூட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் என்ற வசதியை ஆன் செய்யலாம், இல்லை அந்தக் கம்ப்யூட்டரின் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். குறைத்தால், இவ்வளவுதான் தாங்கும் என்று நம் பக்கமே தொடக்கத்தில் சொல்லிவிடும், சர்வரும் அதற்கேற்றபடி அனுப்பும். மில்லில் 1452 என்று வைத்தேன், ஆயிரம் வரியும் ஒரே மூச்சில் வந்து நின்றது. கணக்குப்பிள்ளை எழுந்துபோய் எனக்கு டீ வாங்கிவந்தார்.

இன்னொன்று, சாப்பிடப் போய்விட்டு வந்தால் 2006 அல்லது 2013 வருவது. சர்வர் தானாக அறுப்பதற்கு இயல்பாக 28,800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம் ஆகும். அரை மணியில் அறுந்தால் சர்வர் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, நடுவில் இருக்கும் ரூட்டர்கள் சும்மா கிடக்கும் தொடர்பை மறந்துவிடுகின்றன. ஒர்க்பெஞ்சில் கீப் அலைவ் இடைவெளி 600 வினாடி என்று இருக்கும், அதை 60 ஆக்குங்கள். கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே சரியாக 30 வினாடியில் அறுந்தால் அது வேறு, ஒர்க்பெஞ்சின் ரீட் டைம்அவுட்தான் இயல்பாக 30 என்று இருக்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இது எதுவுமே காரணம் இல்லை. ரூட்டர் முகப்பில், கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில். நடுவில் சுண்ணாம்புக் காரை பூசிய அந்தக் காலத்துச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். வைஃபை சிக்னல் இரண்டு கோடு காட்டும், ஆனால் நூறு பிங் போட்டால் பத்துப் பதினைந்து தொலைந்துபோகும். வெப்சைட் பார்ப்பதில் இது தெரியாது, பக்கம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸ் தொடர்பு இவ்வளவு இழப்பைத் தாங்காது. வளவு ஓரமாகக் கேபிள் இழுத்து நேராகச் செருகினோம், அன்றோடு தீர்ந்தது. ஆபீஸும் பழைய கட்டடம் என்று எழுதியிருந்தீர்கள், பில் கம்ப்யூட்டரை வைஃபையில் வைத்திருந்தால் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள்.

நாளைக் காலையில் போனதும் வரிசை இப்படி இருக்கட்டும்: ஃபயர்வாலை ஆன் செய்வது, மூன்று போர்ட் சோதனை, உங்கள் முகவரி, ரூட்டர் காட்டும் முகவரி, சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ். லாரி வந்து நிற்கிறது, டனல் போட நேரமில்லை என்றால், ரூட்டர் முகவரியும் வெளி முகவரியும் ஒன்றாக இருக்கும் பட்சத்தில் மட்டும், 3306-க்குப் பழைய முகவரியை நீக்கிப் புது முகவரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூசரையும் பழைய முகவரியோடு உருவாக்கியிருந்தால் 1130 வரும், அதையும் புது முகவரிக்கு மாற்றுங்கள். அன்றைய பில்லை முடித்துவிடலாம். முகவரிகள் இரண்டும் வேறாக இருந்தால் அதைச் செய்யாதீர்கள், கன்சோலிலிருந்து அன்றைய ஆர்டர்களை மட்டும் எடுத்து நோட்டில் எழுதி லாரியை அனுப்பிவிட்டு, மதியம் உட்கார்ந்து டனல் போடுங்கள். நோட்டில் எழுதிய ஒரு வாரத் தொட்டிக் கணக்கை ஏற்றுவதற்கு முன் டேட்டாபேஸை ஒருமுறை பேக்கப் எடுத்து, சர்வரில் இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.